எக்ஸ்கவேட்டரில் தொடர்புக் கோளாறு: மீட்டரா, ஸ்கேனரா, கொழும்பு டெக்னீஷியனா?

எக்ஸ்கவேட்டரின் மொனிட்டரில் தொடர்புக் கோளாறுக் குறியீடு விழுந்துவிட்டால், மலையகத்தில் ஓர் இயந்திரம், இரண்டு இயந்திரம் வைத்துத் தொழில் செய்பவருக்கு அன்றைய நாள் போய்விடுகிறது. எஞ்சின் ஓடும், வேகக் குமிழைத் திருப்பினால் மட்டும் ஒன்றும் நடக்காது. அல்லது எஞ்சினே உயிர் பெறாது. அல்லது எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கெட் நிறைய மண்ணுடன் பம்ப் திடீரென்று வலுவிழக்கும்.

உடனே ஆளுக்கொரு யோசனை கிளம்பும். ஊர் வயரிங் பாஸை அழைத்து மல்டிமீட்டரால் பார்க்கலாம் என்பார் ஒருவர். கோளாறுக் குறியீடுகளைப் படிக்க இணையத்தில் விற்கும் ஸ்கேனர் ஒன்றை வாங்கிவிட்டால் இனி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்பார் இன்னொருவர். லெப்டொப்புடன் கொழும்பிலிருந்து கம்பனி டெக்னீஷியனை வரவழைக்கலாம். லோ பெட் லொறியில் ஏற்றி இயந்திரத்தையே கீழே கொழும்புக்கு அனுப்பலாம். கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிக் கடைகளில் பழைய கொன்ட்ரோலர் ஒன்றை, அதாவது இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை, தேடிப் பிடித்து மாற்றிவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் பணம் மிஞ்சுவதும் கரைவதும் இருக்கிறது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் ஒரு மணி நேரம் மல்டிமீட்டருக்கு. அதன் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு அழைப்பு. கொன்ட்ரோலரை மாற்றுவது, மற்ற எல்லாம் பார்த்து முடிந்த பிறகு.

இதற்குக் காரணம் கோளாறு பிறக்கும் இடம். எஞ்சினுக்கு ஒரு கொன்ட்ரோலர், பம்புக்கு ஒன்று, ஒப்பரேட்டருக்கு முன்னால் மொனிட்டர். இவை தங்களுக்குள் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பிகளின் வழியாக. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் வாகனங்களுக்காக அறிமுகப்படுத்திய கேன் (CAN) என்ற தொடர்பு முறை இது. கனரக இயந்திரங்களில் பெரும்பாலும் ஜே1939 என்ற விதிமுறையின்படி செக்கனுக்கு 250,000 பிட் வேகத்தில் ஓடுகிறது. புதியவை சிலவற்றில் 500,000. ஒரு கம்பிக்கு ஹை என்றும் மற்றதற்கு லோ என்றும் பெயர். பேச்சு இல்லாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஹை 3.5 வோல்ட்டுக்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். இந்தக் கம்பிச் சோடியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கிறது. இரண்டும் சமாந்தரமாக இணைந்திருப்பதால், ஹைக்கும் லோவுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். இந்த ஓர் எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் பாதி வழி கடந்தாயிற்று.

இனி நம் மலையின் சங்கதி. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கி மாதக்கணக்கில் நிற்காது. ஊவாப் பக்கம் ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவமழை. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. பகலெல்லாம் கொதித்த எஞ்சின் அறை இரவில் சில்லென்று ஆறும்போது, கம்பிகளை இணைக்கும் கொனெக்டர், ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தால், வெளியிலுள்ள ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் கொனெக்டரின் உள்ளே இருக்கும் உலோக முள்ளில் பச்சை பூத்துவிடும். இதோடு, மழைக்கு நிறுத்திவைத்த இயந்திரத்தில் எலி குடிபுகுந்து கம்பி உறையைக் கடிப்பது. செம்மண்ணைக் கழுவ அழுத்த நீர்க் குழாயை நேராகக் கொனெக்டர்மீது அடிப்பது. லீசிங் கம்பனிக்காக ஜிபிஎஸ் பொருத்த வந்தவர் கைக்கு அகப்பட்ட கம்பியைச் சீவி முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போவது. பெட்டரியைக் கழற்றாமல் பக்கெட் பல்லுக்கு வெல்டிங் அடிப்பது மட்டும் வேறு வகை. அது கம்பியைத் தாண்டி கொன்ட்ரோலரையே கொன்றுவிடக் கூடியது. இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் கம்பியிலும் கொனெக்டரிலும் உண்டாகும் கோளாறுகள். மீட்டரை முதலில் எடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

தேட வேண்டிய பரப்பும் நாம் பயப்படும் அளவுக்குப் பெரியதல்ல. வழமையான சங்கிலிச் சக்கர எக்ஸ்கவேட்டரில் கொன்ட்ரோலர்கள் அனைத்தும் சுழலும் மேற்பகுதியில் இருக்கின்றன. கீழே சக்கரத்துக்குப் போவது எண்ணெய்க் குழாய்கள். ஆகவே தேடல் கெபினின் பின்பகுதி, பெட்டரிப் பெட்டி, எஞ்சின் அறை, பம்ப் அறை ஆகியவற்றோடு அடங்கிவிடும்.

அளக்கும் முறை இது. இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டை நிலத்தில் ஊன்றி, சாவியை எடுத்து, பெட்டரியின் மறை முனையைக் கழற்றி, சில நிமிடம் பொறுக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஓம் அளந்தால் கிடைக்கும் எண் வெறும் குப்பை. பிறகு ஸ்கேனரோ லெப்டொப்போ மாட்டும் பரிசோதனைச் சொக்கட்டில் ஹை, லோ முட்களுக்கு இடையே மீட்டரை வைக்க வேண்டும். ஜே1939 விதிப்படியான ஒன்பது முள் வட்டச் சொக்கட்டில் சி என்ற முள் ஹை, டி என்ற முள் லோ. எல்லா நிறுவனங்களும் இந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை. வரைபடம் இல்லாமல் முள்ளைக் குத்திப் பார்க்க வேண்டாம். வரைபடத்தையும் இயந்திரத்தின் தொடர் இலக்கத்தைச் சொல்லியே கேட்டு வாங்குங்கள். ஜப்பானில் ஓடிவிட்டு ரீகண்டிஷனாக இங்கே வந்த இயந்திரத்தின் வயரிங், அதே மாடலின் ஏற்றுமதி வடிவத்தோடு ஒத்துப்போகும் என்று நம்பிவிட முடியாது.

அறுபதை ஒட்டி வந்தால் முதன்மைக் கம்பி முனைக்கு முனை உயிருடன் இருக்கிறது. 120 வந்தால் ஒரு முனையின் தடை கழன்றிருக்கிறது, அல்லது நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. 40 வந்தால் மூன்றாவது தடை ஒன்று புகுந்திருக்கிறது. பொருந்தாத உதிரியோ, பிற்காலத்தில் யாரோ மாட்டிய கருவியோ காரணமாக இருக்கும். பூச்சியத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் எங்கோ உரசி ஒன்றாகிவிட்டன. அப்போது கொனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியதும் எண் எழும்புகிறதோ, உரசல் அந்தப் பக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. முனைத் தடை இல்லாத ஒரு கொன்ட்ரோலருக்குப் போகும் கிளைக் கம்பி அறுந்தாலும் மீட்டர் 60 என்றே காட்டும். ஆகவே அறுபதைப் பார்த்தவுடன் கம்பியில் குற்றமில்லை என்று கையைக் கழுவிவிடக் கூடாது.

அடுத்து பெட்டரியை மாட்டி, சாவியை ஓன் நிலையில் வைத்து, ஒவ்வொரு கம்பியையும் சேசியோடு சேர்த்து வோல்ட் பாருங்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும். ஹையில் இரண்டரைக்குச் சற்று மேலே, லோவில் சற்றுக் கீழே, இரண்டையும் கூட்டினால் ஐந்தை ஒட்டி இருந்தால் நலம். ஒரு கம்பியில் 24 வோல்ட் தெரிந்தால் அது மின்வழங்கும் கம்பியோடு உரசுகிறது. இரண்டிலும் பூச்சியம் என்றால் கம்பி சேசியைத் தொடுகிறது, அல்லது கொன்ட்ரோலர்களுக்கே மின்சாரம் போகவில்லை. இந்தக் கடைசிச் சாத்தியத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பியூஸ், ரிலே, துருவேறிய எர்த் கம்பி ஆகிய மூன்றில் ஒன்று ஒரு கொன்ட்ரோலரைப் பட்டினி போட்டால், மற்றவை எல்லாம் சேர்ந்து தொடர்பு இல்லை என்றுதான் கூச்சலிடும். குளிர்காலைகளில் பலவீனமான பெட்டரியும் இதே வேலையைச் செய்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது வோல்ட் விழுந்து ஒரு குறியீட்டைப் பதிய வைத்துவிட்டுப் போய்விடும்.

ராகலைப் பக்கம் ஒரு வீதி வேலையில் நின்ற இயந்திரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. “காலையில் மட்டும்தான் அண்ணன் இப்படி. வெயில் ஏறினால் தானாகவே சரியாகிவிடுகிறது,” என்றார் ஒப்பரேட்டர். “முதலாளி கொம்பியூட்டரை மாற்றச் சொல்கிறார்.” வெயிலுக்குக் குணமாகும் கோளாறு கொம்பியூட்டரில் இருப்பது அபூர்வம். பெட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை மாட்டினோம், 60 காட்டியது. “தம்பி, நீங்கள் அந்தக் கம்பிக் கட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே வாருங்கள்,” என்றேன். இருக்கைக்குப் பின்னால், பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் கை போனபோது மீட்டர் 120க்குத் தாவி, திரும்பவும் 60க்கு வந்தது. கொனெக்டரைப் பிரித்தால் உள்ளே ஒரு முள் மற்றவற்றைவிட அரிசி மணியளவு பின்வாங்கி நின்றது. அதன் அடியில் பச்சைப் பூச்சு, கொனெக்டரின் உள்சுவரில் நீர்த்துளி. கெபின் கண்ணாடியின் கீழ் ரப்பர் கிழிந்து, மூடுபனி நீர் கம்பி வழியே அங்கே வடிந்துகொண்டிருந்தது. முள்ளை மாற்றி, ரப்பரை ஒட்டி, கொனெக்டரை முகம் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டியதும் வேலை முடிந்தது. ஸ்கேனரும் லெப்டொப்பும் இந்த முள்ளைக் காட்டியிருக்க முடியாது.

மலிவான ஸ்கேனரைப் பற்றி எல்லோரும் ஆவலாகக் கேட்கிறார்கள். சென்சர் கோளாறு, டீசல் அழுத்தம், எஞ்சின் சூடு போன்றவற்றுக்கு அது நல்ல துணை. தொடர்புக் கோளாறில் அதன் நிலை வேறு. அதுவும் அதே இரண்டு கம்பிகளின் வழியாகத்தான் பேச வேண்டும். கம்பி செத்திருக்கும்போது ஸ்கேனரை மாட்டுவது, லைன் அறுந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து என்ன பிரச்சினை என்று விசாரிப்பது போன்றது. அரைகுறையாக உயிர் இருக்கும் வலையமைப்பில் அது உதவும். குறியீட்டில் எஸ்பிஎன் என்பது கோளாறு எதில் என்பதையும், எஃப்எம்ஐ என்பது எப்படிப்பட்ட கோளாறு என்பதையும் சொல்லும். எஸ்பிஎன் 639 என்று வந்தால் வலையமைப்பையே குறிக்கிறது; அதனோடு எஃப்எம்ஐ 9 வந்தால் எதிர்பார்த்த தகவல் நேரத்துக்கு வரவில்லை, 19 வந்தால் வந்த தகவலே பிழை. ஆனால் பொது ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சினோடு நின்றுவிடும். பம்ப் கொன்ட்ரோலரின் மொழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. ஒற்றை இயந்திரம் வைத்திருப்பவர் இதற்காகப் பணத்தை முடக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பல நிறுவனங்களின் இயந்திரங்கள் வந்துபோகும் கராஜ் என்றால் வாங்கலாம்.

அதைவிட, பலர் கவனிக்காத இலவசக் கருவி ஒன்று ஏற்கெனவே கெபினில் இருக்கிறது. ஜப்பானிய இயந்திரங்கள் பலவற்றில் மொனிட்டரே சேவைப் பட்டியலைத் திறந்து, இப்போது நிற்கும் குறியீடு எது, பழையது எது, எத்தனை முறை வந்தது என்று காட்டும். எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் குறியீட்டு எண்ணைப் படம் பிடிக்கத் தடையில்லை. அங்கே பார்க்க வேண்டியது யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்பதை. மொனிட்டரும் பம்ப் கொன்ட்ரோலரும் இரண்டுமே எஞ்சின் கொன்ட்ரோலரைக் காணவில்லை என்றால், சந்தேகம் எஞ்சின் பக்கத்து மின்வழங்கலிலும் கிளைக் கம்பியிலும். எல்லோரும் எல்லோரையும் காணவில்லை என்றால் முதன்மைக் கம்பியில். எதையும் அழிப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். அழித்த குறியீடு பிறகு சாட்சி சொல்லாது.

கம்பனி டெக்னீஷியனை அழைப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கேட்டர்பில்லருக்கு கேட் ஈடி, ஹிட்டாச்சிக்கு டொக்டர் இசட்எக்ஸ், ஜேசிபிக்கு சேர்விஸ் மாஸ்டர் என்று அவரவர் மென்பொருள் இருக்கிறது. அவற்றுக்கு ஈடான ஆழம் வேறெதற்கும் இல்லை. கம்பியும் மின்வழங்கலும் சரியென்று உறுதியான பிறகும் கோளாறு நின்றால், புதிய கொன்ட்ரோலரில் இயந்திரத்தின் விவரங்களைப் பதிய வேண்டியிருந்தால், உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரமாக இருந்தால் அவரைத் தவிர வேறு வழியில்லை. உத்தரவாதம் உள்ள இயந்திரத்தில் ஊர் ஆள் கை வைக்கவே கூடாது. மற்றபடி தூரம்தான் தடை. அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு ஏறி, அங்கிருந்து தோட்டப் பாதையில் வேலைத்தளத்துக்கு வந்து சேர்வதற்குள் அவருடைய பாதி நாள் போய்விடும். அந்த நேரத்துக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். வந்தவர் முதலில் செய்வதும் மீட்டரை எடுத்து 60 இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அதை நாமே செய்து, ஓம், வோல்ட், குறியீட்டுப் படங்கள், தொடர் இலக்கத் தகடு ஆகியவற்றை வட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பினால், அவர் சரியான பொருளோடு வருவார். சில வேளை வராமலே வழி சொல்லிவிடுவார். எண்ணுக்கு மொழி தேவையில்லை என்பதும் நமக்கு வசதி. தொலைபேசியில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கோளாறை விவரிக்கத் தடுமாறும் நம் பையன்கள், 120 என்று சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு உடனே விளங்கிவிடுகிறது.

இயந்திரத்தை லோ பெட்டில் கொழும்புக்கு அனுப்புவது இந்தக் கோளாறுக்கு மிக மோசமான தேர்வு. ஏற்றி இறக்கும் செலவு ஒருபுறம். ஈரத்தால் வரும் கோளாறு கீழ்நாட்டு வெயிலில் காய்ந்து ஒளிந்துகொள்ளும். கராஜில் எல்லாம் சரி என்று திருப்பி அனுப்புவார்கள். மலையேறி இரண்டாம் நாள் காலையில் அதே குறியீடு. வயரிங் முழுவதும் எரிந்துபோயிருந்தால் மட்டும் அனுப்பலாம்.

மல்டிமீட்டருக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கண் இமைக்கும் நேரத்தில் வந்து மறையும் கோளாறை அது பார்க்காது. ஓல்டனேட்டரின் இரைச்சல் கம்பியில் ஏறுவது, ஒரு கொன்ட்ரோலர் அவ்வப்போது வலையமைப்பை இழுத்துப் பிடிப்பது போன்றவற்றுக்கு, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப் வேண்டும். கையடக்க வகைகள் இப்போது கிடைக்கின்றன. ஹை மேலேயும் லோ கீழேயும் கண்ணாடிப் பிம்பமாகத் துடிப்பதைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால், கெட்ட அலை எது என்று கண்ணுக்குப் பழகிவிடும். ஒவ்வொரு உரிமையாளரும் வாங்கத் தேவையில்லை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வயரிங் கராஜ் நடத்தும் இளைஞர் ஒருவர் ஸ்கேனருக்கு முன் இதை வாங்கினால், சுற்றுவட்டார இயந்திரங்கள் அனைத்துக்கும் அது உழைக்கும். இதை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

பழைய கொன்ட்ரோலர் வாங்கி மாற்றுவதுதான் அதிகம் பேர் முதலில் தாவும் வழி. அதைத் தடுப்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். வெளியில் ஒரே உருவம் என்றாலும் உள்ளே பாக இலக்கமும் மென்பொருளும் வேறாக இருக்கலாம். மாட்டியதும் மாடல் பொருந்தவில்லை என்று புதிய குறியீடு வரும். பிறகு எது பழைய கோளாறு, எது நாம் கொண்டுவந்த கோளாறு என்று பிரித்தெடுப்பதற்கே ஒரு நாள் போகும். கம்பி உரசல்தான் முந்தைய பெட்டியைக் கெடுத்தது என்றால் இதுவும் அதே வழியில் போகும். மின்வழங்கல், எர்த், இரண்டு கம்பிகள் ஆகிய நான்கும் அந்தக் கொனெக்டரின் முள்வரை சரி என்று அளந்து பார்த்த பிறகும் பெட்டி பேசவில்லையா, அல்லது அதைக் கழற்றியதும் மற்றவை எல்லாம் பேசத் தொடங்குகின்றனவா? அப்போது மாற்றுங்கள்; திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியோடு, ஒரே பாக இலக்கம் பார்த்து.

நேரமும் முடிவை மாற்றும். தோட்டப் பாதையில் சாவகாசமாக நடக்கும் வேலை என்றால் மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். மண்சரிவில் நிற்கும் இயந்திரம் என்றால் கோளாறைத் தேடுவதற்கு முன் இயந்திரத்தையும் ஆளையும் வெளியே எடுக்க வேண்டும். பல இயந்திரங்களில் பம்ப் கொன்ட்ரோலர் செயலிழந்தாலும் மெதுவாக இயங்க வைக்கும் அவசர ஆளி ஒன்று கெபினில் இருக்கிறது. அது எங்கே, எந்தப் பக்கம் திருப்புவது என்பது ஒவ்வொரு ஒப்பரேட்டருக்கும் மழைக்காலத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தபோதும் மக்கள் காத்திருந்தது இந்த இயந்திரங்களின் வருகைக்காகத்தான். அப்படியொரு நாளில் வீதி மூடிக் கிடக்கும்; கொழும்பு டெக்னீஷியன் என்ற தேர்வே இருக்காது. ஊரில் மீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பது மட்டும்தான் கேள்வி.

கோளாறு கண்டுபிடித்துக் கம்பியை ஒட்டும்போது வீட்டு வயரை முறுக்குவதுபோல் முறுக்கி டேப் சுற்ற வேண்டாம். ஈயம் வைத்து, பசை உள்ள சுருங்கு குழாயால் மூடி, ஹையும் லோவும் பழையபடி ஒன்றையொன்று முறுக்கியே போகும்படி கட்டுங்கள். முறுக்குப் பிரிந்த நீளம் கூடக்கூட இரைச்சல் ஏறும். பிறகு இயந்திரம் நலமாக இருக்கும் அந்த நாளிலேயே ஓமையும் இரண்டு கம்பிகளின் வோல்ட்டையும் இன்னொரு முறை அளந்து, பரிசோதனைச் சொக்கட்டின் முள் வரிசையோடு சேர்த்து, பெட்டரிப் பெட்டியின் கதவு உட்புறத்தில் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை வேறு ஒருவர் வந்தாலும் எதோடு ஒப்பிட வேண்டும் என்பது அவர் கண்முன்னே இருக்கும்.